எதையும் மறைக்காத ஆண்டறிக்கை

ஒரு காட்டில், ஒரு கோடையில், தண்ணீர் டோக்கன் வாங்கும் வரிசையில், கண்ணுச்சாமி என்னும் தேவாங்கு தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தார்.

அவள் பெயர் பூவாயி. நேரம் நடுப்பகல். தேவாங்கு இனத்துக்குப் பகல் என்பது தூங்குவதற்காக ஏற்பட்டது. ஆனால் டோக்கன் ஜன்னல் பகலில்தான் திறக்கும். இரவில் திறந்தால் இரவில் நடமாடும் விலங்குகளெல்லாம் வந்துவிடும், கூட்டம் சேர்ந்துவிடும் என்று நிர்வாகம் யோசித்து எடுத்த முடிவு அது.

பூவாயி தன் காலடியில் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தாள். வரிசையில் இடம் பிடிக்கக் கல் வைப்பது அந்தக் காட்டு வழக்கம். வைத்தவர் நிழலுக்கு ஒதுங்கினாலும் கல் நிற்கும். ஆளை இடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். கல்லைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

"நீங்க எதுக்கு இங்க நின்னுக்கிட்டு? ஆபீசுக்குப் போங்க. வரிசை நகருது," என்றாள்.

வரிசை நகரவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெயில் ஏறுதே," என்றார் கண்ணுச்சாமி.

"எனக்கு மட்டுமா ஏறுது? போங்க. வர்றப்ப ரெண்டு வெட்டுக்கிளி புடிச்சிட்டு வாங்க. போன தடவை மாதிரி கால் ஒடிஞ்சதா கொண்டாந்துராதீங்க."

அவர் போனார். முழுக் காலுள்ள வெட்டுக்கிளிகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, கல் இருந்த இடத்திலேயே இருந்தது. பூவாயியும் அதன் பக்கத்திலேயே கிடந்தாள். வெயில் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

பின்னால் நின்ற காட்டுப்பன்றி, "ஆள் போயிருச்சு. ஆனா கல் இருக்கில்ல, அதனால நாங்க யாரும் முந்தல," என்று ஆறுதல் சொன்னது.

காட்டில் சுடுகாடு கிடையாது. கழுகு உண்டு, எறும்பு உண்டு, கழுதைப்புலி உண்டு. பொழுது சாய்வதற்குள் எல்லாம் சுத்தமாகிவிடும். இறந்தவருக்கென்று மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: வருடக் கடைசியில் அச்சாகும் காட்டு ஆண்டறிக்கையில் ஒரு வரி. அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டுபோய் மரப்பொந்திலோ புதரிலோ பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அழ வேண்டும் என்று தோன்றும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

பூவாயியின் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர, கண்ணுச்சாமிக்கு அந்த வருடம் வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. அது பெரிய ஆசையாகவும் தெரியவில்லை. ஏனென்றால் அறிக்கையை எழுத்துக்கோத்து அச்சுக்குத் தயார்செய்வதே அவர்தான்.

மேலே போவதற்குமுன் ஓர் இலக்கண விளக்கம் சொல்லிவிட வேண்டும். தேவாங்கை 'அவர்' என்று எழுதலாமா என்று யாராவது கேட்கக்கூடும். பதவியில் உள்ள விலங்கு 'அவர்', பதவி இல்லாத விலங்கு 'அது' என்பது அந்தக் காட்டின் இலக்கணம். கண்ணுச்சாமி தற்காலிகப் பணியாளர். ஆகவே தற்காலிகமாக அவர். பூவாயிக்குப் பதவி எதுவும் இல்லை; ஆனால் கண்ணுச்சாமி கடைசிவரை அவளை 'அவள்' என்றே சொன்னதால் இந்தக் கதையிலும் அவள்.

அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ராஜா என்றால் சிங்கம் என்று விதியில் போட்டிருந்ததால், ஒரு காட்டெருமை அந்தப் பதவியைக் கூடுதலாகக் கவனித்துவந்தார். அவர் பெயர்ப்பலகையில் 'சிங்கம் (பொறுப்பு)' என்று இருக்கும். எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு செயலாளர் கொக்கு காட்டை நடத்திவந்தார். கதையில் நரி வர வேண்டுமே என்று தேடுகிறவர்களுக்கு: நரி நீண்ட விடுப்பில் இருந்தது. அதன் வேலையையும் கொக்குதான் பார்த்தார்.

சிறுத்தையை ஆராய்ச்சி செய்ய வந்த மனிதர்கள், ஒரு நாள் சிறுத்தையை நேரில் பார்த்தவுடன் விட்டுவிட்டு ஓடிய கொட்டகைதான் ஆண்டறிக்கை அலுவலகம். கணினி, அச்சு இயந்திரம், கூரையில் சூரிய மின்தகடு எல்லாம் அப்படியே இருந்தன. மெல்லிய விரல் உள்ளவர் என்பதால் கண்ணுச்சாமிக்கு வேலை கிடைத்தது. மனிதர்கள் விட்டுப்போன கையேட்டில் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. மீதியை இவர் படித்தார். அலுவலகத்தில் பகலில் தூக்கம் வருவது இவருக்கு இயற்கை, மற்றவர்களுக்குப் பழக்கம்.

அந்தக் கணினியில் இருந்தது ஓர் எழுத்துக்கோப்பு மென்பொருள். அதில் எழுதுவது அப்படியே தாளில் வராது. வாசகத்துக்கு நடுநடுவே கட்டளைகள் போட வேண்டும். 'தலைப்பு' என்று கட்டளையிட்டால் அடுத்த வரி பெரிதாகும். 'நடு' என்றால் வரி நடுவில் போய் நிற்கும். தேவையான கட்டளை இல்லையென்றால் நாமே ஒன்றை உண்டாக்கி நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். எது கட்டளை, எது வாசகம் என்று இயந்திரம் தெரிந்துகொள்வதற்காகக் கட்டளைக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும் என்பது மனிதர்களின் ஏற்பாடு. சாய்கோட்டு விசையைக் குரங்கு பிடுங்கித் தின்றுவிட்டது. ஆகவே கண்ணுச்சாமி விதியை மாற்றினார்: ஒரு வரியின் முதல் சொல் கட்டளைப் பெயராக இருந்தால் அது கட்டளை. சாய்கோடு வேண்டியதில்லை.

அந்த வருடம் காடுகளின் கூட்டமைப்பு, 'சிறந்த காடு' விருதுக்கு அறிக்கைகளைக் கேட்டிருந்தது. கொக்கு கொட்டகைக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றார்.

"என்னய்யா கண்ணுச்சாமி, முழிச்சிருக்கியா? குட்டையப் பத்தின அத்தியாயத்தப் படி."

கண்ணுச்சாமி திரையைப் பார்த்துப் படித்தார். "குட்டை இந்த ஆண்டும் ஆழப்படுத்தப்படவில்லை. காரணம், முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் செயலாளரால் மீன் பிடிக்க முடியாது."

"யார் எழுதுனது இத?"

"நீங்க சொல்லச் சொல்லத்தான் ஐயா அடிச்சேன். உள்ளத உள்ளபடி பதிவு பண்ணணும், இல்லாட்டி பின்னாடி தணிக்கையில மாட்டுவோம்னு சொன்னீங்க."

"சரிதான். பதிவு பண்ணணும். ஆனா தெரியக் கூடாது." கொக்கு காலை மாற்றினார். "கோப்புல இருக்கணும், தாள்ல வரக் கூடாது. அழிச்சா குத்தம். அழிக்காம மறைக்கணும். உன் மெஷின்ல வழி இருக்கா?"

கண்ணுச்சாமிக்கு வேலை என்றால் கேள்வி கேட்கத் தெரியாது. உட்கார்ந்து ஒரு புதுக் கட்டளை செய்தார். பெயர் 'மறை'. ஒரு வரியில் 'மறை' என்று போட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் கோப்பில் இருக்கும், தாளில் வராது. 'திற' என்று போட்டால் மறுபடி வரத் தொடங்கும்.

கொக்கு அதைப் பார்த்தார். 'மறை' பிடித்தது. 'திற' பிடிக்கவில்லை.

"என்னய்யா இது, நிர்வாகக் கோப்புல போய் 'திற'ன்னு எழுதி வச்சிருக்க? நாளைக்கு எவனாவது படிச்சிட்டுத் திறந்தாலும் திறந்துருவான்."

"அப்ப எப்படி ஐயா மறுபடி ஆரம்பிக்கிறது?"

"அதுக்கும் 'மறை'ன்னே போடு."

அப்படியே ஆயிற்று. முதல் 'மறை' கதவைச் சாத்தும். அடுத்த 'மறை' திறக்கும். அதற்கடுத்தது சாத்தும். திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே சொல் இருந்ததில் கொக்குக்கு ஒரு நிம்மதி.

மறுநாள் வேறு தொல்லை. கொக்கு தானே உட்கார்ந்து கட்டளைகளைப் போட விரும்பினார். சிங்கம் (பொறுப்பு) அவர்களின் தூக்கத்தைப் பற்றிய பகுதிக்கு முன்னால் வெறுமனே 'மறை' என்று போட அவருக்கு அச்சமாக இருந்தது. ராஜாவைப் பற்றிய இடத்தில் இயந்திரத்தோடு ஒருமையில் பேசுவதா? 'மறைத்தருள்க' என்று போட்டார். காட்டுப்பன்றி கிழங்குக் கிடங்கைக் காலி செய்த பகுதிக்கு 'மறைங்க' என்று போட்டார். பன்றியிடம் கொஞ்சம் பயம். தன்னைப் பற்றிய பகுதிக்கு 'மறைக்கலாமே' என்று கெஞ்சினார். இயந்திரம் எதையும் ஏற்கவில்லை. எல்லாம் அப்படி அப்படியே அச்சில் வந்து நின்றன.

"மரியாத தெரியாத மெஷினாய்யா இது?"

"பழக்கிடலாம் ஐயா," என்றார் கண்ணுச்சாமி. இப்போது விதியை இன்னும் தளர்த்தினார். ஒரு வரி 'மறை' என்ற எழுத்துகளில் தொடங்கினால் போதும். அதன் வாலில் என்ன ஒட்டிக்கொண்டிருந்தாலும், அருள்கவோ, ங்கவோ, க்கலாமேயோ, இயந்திரம் அதைப் பொருட்படுத்தாது. மறைக்கும்.

கொக்கு இன்னொன்றும் கேட்டார். "மறைச்ச எடம் என்ன ஆகும்?"

"கட்டளை நிக்கிற வரியும் சரி, அதுக்கு அடுத்து மறையிறதும் சரி, அந்தந்த அளவுக்கு எடம் காலியா நிக்கும் ஐயா. இல்லாட்டி பக்க எண் எல்லாம் மாறிப்போகும்."

"நிக்கட்டும், நிக்கட்டும். எடம் தாராளமா விட்டிருந்தா பாக்க வசதியான காடு மாதிரி இருக்கும்."

எல்லாம் மறைந்து முடிந்தது. மிச்சம் இருந்தவை முன்னுரை, நன்றியுரை, சாதனைகள், பக்க எண்கள். கடைசியில் கொக்கு ஓர் அத்தியாயத்தில் வந்து நின்றார். அதன் தலைப்பு, 'இக்கோடையில் இறந்தோர்'.

"இதையும் மறைச்சிரு."

கண்ணுச்சாமியின் விரல்கள் விசையின்மேல் நின்றுவிட்டன. "ஐயா, இது ஒவ்வொரு வருசமும் வர்றதுதானே. வீட்டுக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"கூட்டமைப்புக்காரங்களும் பாப்பாங்கல்ல? தண்ணி வரிசையில இத்தன பேர் செத்தாங்கன்னு தெரிஞ்சா விருது குடுப்பானா?" பிறகு கொக்கு குரலை இளக்கினார். "யோசிச்சுப் பாரு. செத்தவங்கள நாகரிகமா என்ன சொல்றோம்? மறைஞ்சுட்டாங்கன்னு சொல்றோம். மறைஞ்சவங்கள மறைக்கிறதுல என்ன தப்பு? தமிழே ஒத்துக்குது."

"அதுல என் வீட்டுக்காரி பேரு இருக்குங்க ஐயா."

"எங்க இருக்கு? கோப்புல இருக்குல்ல? அப்புறம் என்ன? தாள் நனையும், கிழியும். கோப்பு நெலச்சு நிக்கும்."

கண்ணுச்சாமி 'மறை' என்று போட்டார். பட்டியலுக்குக் கீழே இன்னொரு 'மறை' போட்டார். முயல், மான், நரிக்குட்டி, பூவாயி எல்லோரும் ஒழுங்காக மறைந்தார்கள்.

அச்சிடும் நாள் வந்தது. வானம் மூட்டமாக இருந்தது. மின்தகட்டில் ஒரே ஒரு முறை அச்சடிக்கத்தான் சக்தி இருந்தது. சோதனைப் பிரதி எடுக்க முடியாது. கொக்கு வெளியே நின்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணுச்சாமி முன்னுரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கம் (பொறுப்பு) அவர்களின் குளம்படிக் கையெழுத்துக்குக் கீழே, பக்க எண்ணுக்கு மேலே, ஒரு வரிக்கு இடம் இருந்தது. முன்னுரையை யாரும் படிப்பதில்லை. கையெழுத்துக்குக் கீழே யாரும் பார்ப்பதே இல்லை. அங்கே ஒரு பெயர் போய் ஒட்டிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

என்னவென்று எழுதுவது என்பதில்தான் தாமதமாயிற்று. 'செத்துப்போன பூவாயி' என்று அடிக்க விரல் வரவில்லை. 'இறந்த' என்பது பட்டியலில் உள்ள சொல். அதை அடித்தவுடன் அவளுக்கு வரிசை எண் போட வேண்டும்போல் இருந்தது. 'காலஞ்சென்ற' என்பது பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு. தேவாங்குகள் ஆபத்து வந்தால் ஓடுவதில்லை. மெல்ல ஓர் இலைக்குப் பின்னால் போய் அசையாமல் இருந்துவிடும். பூவாயி அப்படித்தான் எங்கோ ஓர் இலைக்குப் பின்னால் போயிருக்கிறாள், கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்ப்பாள் என்று அவருக்கு எப்போதும் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்குப் பொருந்துகிற ஒரே சொல்லை அடித்தார்.

'மறைந்த பூவாயி.'

அந்தச் சொல் அந்த நேரத்தில் அவருக்குக் கட்டளையாகத் தெரியவில்லை.

"வெயில் வந்திருச்சு, அமுக்குய்யா," என்று வெளியிலிருந்து கொக்கு குரல் கொடுத்தார். கண்ணுச்சாமி அமுக்கினார்.

இயந்திரம் சொன்னதைச் செய்தது. முன்னுரையை அடித்தது. அதற்குக் கீழே 'மறை' என்ற எழுத்துகளில் தொடங்கிய ஒரு வரியைக் கண்டது. வாலில் 'ந்த' இருந்தால் என்ன, 'த்தருள்க' இருந்தால் என்ன. கதவைச் சாத்தியது. நன்றியுரை மறைந்தது. சாதனைகள் மறைந்தன. அடுத்து, குட்டைக்கு முன்னால் கொக்கு போட்டிருந்த 'மறைக்கலாமே' வந்தது. சாத்தியிருந்த கதவு திறந்தது. கடைசிப் பக்கம்வரை எல்லாம் இப்படியே தலைகீழாயிற்று. காட்ட வேண்டியது எல்லாம் காலியிடமாக, மறைக்க வேண்டியது எல்லாம் பளிச்சென்று அச்சில் வந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரதிகளைக் கொடியால் கட்டி, மைதானத்தில் அடுக்கிவைத்தார்கள்.

கூட்டமைப்பின் நடுவராக ஓர் ஆமை வந்தார். போன வருட விருதைக் கொடுக்கக் கிளம்பியவர் இந்த வருட விருதுக்கு வந்து சேர்ந்திருந்தார். காடு முழுவதும் கூடியது. ஆமை ஒரு பிரதியைப் பிரித்து, மெல்ல, உரக்கப் படித்தார்.

"குட்டை இந்த ஆண்டும் ஆழப்படுத்தப்படவில்லை. காரணம், முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் செயலாளரால் மீன் பிடிக்க முடியாது."

கொக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

ஆமை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கிழங்குக் கிடங்கு வந்தது. ராஜாவின் தூக்கம் வந்தது. "ம்," என்றார் சிங்கம் (பொறுப்பு). பிறகு, இக்கோடையில் இறந்தோர் என்ற தலைப்பும் அதன் கீழே பெயர்களும் வந்தன.

இந்த இடத்தில் நல்ல கதை ஒன்று திரும்பியிருக்கும். விலங்குகள் கொதித்தெழுந்து, கொக்கைத் துரத்தி, குட்டையை வெட்டி, தண்ணீர் குடித்திருக்கும். கூட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. "கொக்கு மீன் புடிக்கத்தான் குட்டைய வெட்டலன்னு நமக்குத்தான் தெரியுமே," என்றது ஒரு மான். "ஆமா. இப்ப அச்சுலயும் வந்திருச்சு," என்றது இன்னொன்று. தெரிந்த விஷயத்தையே அச்சில் பார்த்ததில் இரண்டுக்கும் ஒரு பெருமை.

ஆமை புத்தகத்தை மூடினார். கண் கலங்கியிருந்தது, ஆமைக்கு அது எப்போதும் உள்ளதுதான். "எத்தனையோ காடு பார்த்திருக்கிறேன். எல்லோரும் குற்றத்தை மறைத்துச் சாதனையைக் காட்டுவார்கள். இங்கே குற்றத்தைக் காட்டி, சாதனைக்கு வெறும் இடம் மட்டும் விட்டிருக்கிறீர்கள். இவ்வளவு அடக்கம் நான் எங்கும் கண்டதில்லை. எதையும் மறைக்காத அறிக்கைக்கான கேடயம் உங்களுக்கே."

கொக்கு ஒரு காலை உயர்த்திக்கொண்டார். "எங்க கொள்கையே அதுதானுங்க," என்றார்.

கேடயம் பெரியதாக, தட்டையாக, பளபளப்பாக இருந்தது. அதில் தண்ணீர் பிடிக்க முடியாது.

கூட்டத்தின் ஓரத்தில் கண்ணுச்சாமி ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லாயி என்னும் முயல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் புருஷனும் அந்த வரிசையில்தான் போனது. தன் பிரதியில் ஒரு வரியைக் கால் நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"அண்ணே, எங்காளு பேரு வந்திருக்கு. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. உசுரோட இருக்கிறப்ப ஒருத்தரும் அந்தாளு பேர ஒழுங்காச் சொன்னதில்ல."

"நல்லதும்மா."

"அண்ணி பேரு எங்கண்ணே?"

பட்டியலில் இருக்கத்தான் வேண்டும். கண்ணுச்சாமி அங்கே தேடினார். இல்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: முன்னுரைக்குக் கீழே எழுதியபோது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் இறந்ததாக வரக் கூடாது என்று, பட்டியலிலிருந்து அவள் வரியை எடுத்து அங்கே வைத்திருந்தார். எழுத்துக்கோப்பவருக்கு உள்ள சுத்தம் அது. முன்னுரையைப் புரட்டினார். குளம்படிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்த வெள்ளையைப் பார்த்தபிறகு, என்ன நடந்தது என்று விளங்கிற்று. காட்டில் யாருக்கும் இன்றுவரை விளங்காத அந்த விஷயம், விளங்கியதால் எந்தப் பயனும் இல்லாத ஒருவருக்கு விளங்கிற்று.

விருது விதிப்படி, அச்சான தாளைக் கணினிக் கோப்போடு நடுவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆமை கொட்டகைக்கு வந்து திரையின் முன்னால் அமர்ந்தார். சாதனைகள் தாளில் வரவில்லை, அது அடக்கம். நன்றியுரை வரவில்லை; அதுவும் அடக்கம். பிறகு ஒரு வரியில் நின்றார்.

"மறைந்த பூவாயி. இது தாளில் இல்லையே. யார் இந்தப் பூவாயி?"

"என் வீட்டுக்காரிங்க ஐயா," என்றார் கண்ணுச்சாமி.

"எப்போது இறந்தார்?"

"இந்தக் கோடையில. தண்ணி வரிசையில."

"சாதனையை மறைத்தால் அடக்கம். சாவை மறைப்பது குற்றமாயிற்றே," என்று ஆமை கொக்கைப் பார்த்தார்.

கொக்கு யோசிக்கவே இல்லை. "ஐயா, இப்பத்தான் எனக்கே தெரியுது. பொண்டாட்டி செத்தத மறைச்சா அந்தம்மா பேருல வர்ற தண்ணியையும் இவரே வாங்கிக்கலாம்ல? காடே தெறந்த புத்தகமா இருக்கு, அதுல மறைச்சது இவர் ஒருத்தர்தான்."

கண்ணுச்சாமி வாயைத் திறந்தார். 'ஐயா, நான் காட்டத்தான் பார்த்தேன், மறைக்க நினைத்தது மற்ற எல்லாவற்றையும்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லாவிட்டால் அதில் உள்ள பெயர்களும் செல்லாது. கொட்டகை வாசலில் செல்லாயி தன் தாளை நாலாக மடித்து வாயில் கவ்விக்கொண்டு நின்றது. கண்ணுச்சாமி வாயை மூடிக்கொண்டார்.

"மௌனம்," என்று ஆமை குறித்துக்கொண்டார்.

"ம்," என்றார் சிங்கம் (பொறுப்பு). வேலை நீக்க உத்தரவு என்பது அதுதான்.

கிளம்புவதற்குமுன் ஒரு கடைசி வேலை கொடுத்தார்கள். எதையும் மறைக்காத அறிக்கை என்று கேடயத்திலேயே பொறித்தாகிவிட்டது. தாளில் இல்லாத சாவு கோப்பில் இருந்தால் கேடயம் பொய்யாகிவிடும். ஆகவே அந்த வரியைக் கண்ணுச்சாமி தன் விரலாலேயே அழிக்க வேண்டும். அழிப்பது குற்றம் அல்லவா என்று அவர் கேட்டார். "குத்தத்த அழிக்கிறது குத்தமில்லய்யா," என்றார் கொக்கு. கண்ணுச்சாமி அழித்தது. அந்த விசையிலிருந்து விரலை எடுத்த நேரத்தில் அது பதவியில் இல்லை என்பதால், இலக்கணப்படி இனி அது.

விருது கிடைத்த மகிழ்ச்சியில் மறுபதிப்பு போட்டார்கள். அந்த ஒரு வரி இல்லாததால் இயந்திரம் முதல் 'மறை'யில் கதவைச் சாத்தி, அடுத்த 'மறை'யில் திறந்து, கொக்கு முதலில் கேட்டபடியே எல்லாவற்றையும் அடித்தது. குட்டை மறைந்தது, கிழங்கு மறைந்தது, இறந்தோர் மறைந்தார்கள். நன்றியுரை வந்தது. முன்னுரைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் கேடயத்தின் படம் போட்டார்கள். அழகாகப் பொருந்தியது.

பூவாயி எந்தப் பதிப்பிலும் இல்லாததால், கணக்குப்படி உயிரோடு இருக்கிறாள். அவள் பேரில் தண்ணீர் உண்டு. நேரில் வந்து வாங்க வேண்டும். அவள் வைத்த கூழாங்கல்லை யாரும் எடுக்கவில்லை. வரிசை எப்போதாவது நகரும்போது பின்னால் நிற்கும் காட்டுப்பன்றி அதை மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளி முன்னால் வைக்கிறது. கண்ணுச்சாமி அதே வரிசையில் கடைசியில் நிற்கிறது. கொண்டுவந்த கல்லைக் காலடியில் வைத்திருக்கிறது.

முதல் பதிப்பில் மிஞ்சியது ஒரு பிரதி. மற்றவற்றைக் கரையான் படித்துவிட்டது. அது செல்லாயியின் புதரில் இருக்கிறது. அதில் முன்னுரைக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் ஒரு வரி அளவு இடம் காலியாக இருக்கிறது.

நீதி (பொறுப்பு): இறந்தவரைப் பற்றி மரியாதையாக எழுதாதீர்கள். இயந்திரம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.